துறைமுகத்திற்கு வடக்கே

சென்னைக் கடற்கரை என்று சொன்ன அளவிலே எல்லோர் மனக்கண்ணிலும் தோன்றுவது மெரினாவே. அகன்ற மணல்வெளியும், அதனை ஒட்டிய நெடுஞ்சாலையும், தலைவர்தம் சிலைகளும், மாலை நேரத்து மக்கள் கூட்டமும் அங்கே உண்டு. ஊருக்குப் புதியவர் எவரும் அதனைக் காணாமல் திரும்புவதில்லை. ஆயினும் சென்னையின் கடற்கரை மெரினாவோடு முடிந்துவிடுவது அன்று. துறைமுகத்தைத் தாண்டி வடக்கே சென்றால் இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளத்திற்கு மற்றொரு கடற்கரை கிடக்கின்றது. அங்குச் சிலைகள் வரிசையாய் நிற்பதில்லை. பெரும்பாலான இடங்களில் மணலும் இல்லை. அதனாலேயே உலாவச் செல்வோர் அப்பக்கம் கால் வைப்பதில்லை. சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவருள்ளும் எண்ணூர்க் கழியைக் கண்ணால் கண்டவர் பலர் இலர்.

இந்த வடகரையை வண்டியில் விரைந்து சென்று காண்பது கண்டதாகாது. எண்ணூர் விரைவுச் சாலையில் சரக்குப் பெட்டிகளைச் சுமந்த லாரிகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். வண்டியில் இருப்பவர்க்கு அவற்றின் புழுதியும் ஓசையுமே கிடைக்கும். சாலையை விட்டு இறங்கிக் குப்பத்துச் சந்து ஒன்றில் நுழைந்தால், ஐம்பது அடி நடப்பதற்குள் அந்த ஓசை அடங்கிவிடும். வலையின் கிழிசலை ஊசியும் நூலும் கொண்டு முடிந்துகொண்டிருக்கும் முதியவர், வாசலில் கருவாடு உலர்த்தும் பெண்கள், கவிழ்த்து வைத்த படகின் நிழலில் உறங்கும் நாய் என இவையே அங்குள்ள காட்சிகள். அவற்றிற்கு அப்பால் அலையின் ஒலி. நடந்து செல்பவர்க்கு மட்டுமே புலப்படும் அமைதி அது. அந்த அமைதிக்கு நடுவே ஒரு பெரிய வழக்கும் கிடக்கின்றது. அஃது யாது என்பதை அறிய, நாம் நடக்கத் தொடங்குவதற்கு முன் சற்றுப் பழைய காலத்திற்குச் செல்ல வேண்டும்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. 1639-ஆம் ஆண்டு ஆங்கில வணிகர் இவ்விடத்தைப் பெற்றபோது இங்கிருந்தது நேராக ஓடும் மணற்கரையும், அதன்மேல் ஓயாது வந்து மோதும் அலைகளுமே. கப்பல்கள் கரைக்கு வர இயலாமல் ஆழ்கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. ஆளும் சரக்கும் கரை சேர்வதற்கு மசூலாப் படகுகளையே நம்ப வேண்டியிருந்தது. அப்படகின் அமைப்பு வியக்கத்தக்கது. அதில் ஆணி அடிப்பதில்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்திருப்பர். ஆணி அடித்த படகு தரையில் மோதினால் பிளந்துவிடும்; தைத்த படகோ மோதலுக்கு ஏற்பச் சிறிது வளைந்து கொடுத்து மீளும். அலையின் இயல்பை அறிந்த படகோட்டிகளின் கைத்திறம் இஃது. அத்தகைய படகிலும் பயணம் இடர் மிக்கதாகவே இருந்தது. கரைக்கு வந்த பின்னரும் கடலுக்கு இரையான பொருள்களும் உயிர்களும் பல.

இவ்வின்னலை நீக்கக் கருதி, 1861-ஆம் ஆண்டு கடலுக்குள் நீளும் இரும்புப் பாலத்துறை ஒன்றை அமைத்தனர். அது போதாதென்று 1875-ஆம் ஆண்டு துறைமுகப் பணியைத் தொடங்கினர். கரையிலிருந்து இரண்டு கற்கைகளைக் கடலுக்குள் நீட்டி, அவை அணைத்த நீர்ப்பரப்பில் கப்பல்கள் தங்குமாறு செய்வதே திட்டம். பணி முடியும் தறுவாயில், 1881-ஆம் ஆண்டு வீசிய பெரும்புயல் அக்கைகளைச் சிதைத்துவிட்டது. அவர்கள் தளராமல் மீண்டும் கட்டினர். ஆனால் புயலினும் வலிய ஒன்று அத்துறைமுகத்தை எதிர்த்து நின்றது. அது மணல்.

கடற்கரை மணல் கிடந்த இடத்திலேயே கிடப்பது போல நமக்குத் தோன்றும். உண்மையில் அஃது ஓயாமல் பயணம் செய்துகொண்டிருக்கின்றது. அலை கரையை நோக்கி நேராக வருவதில்லை. பெரும்பாலும் சாய்ந்தே வருகின்றது. சாய்ந்து வரும் அலை மணலைச் சாய்வாகவே மேலே தள்ளும். திரும்பும்போது நீர் நேராகக் கீழே இறங்கும். ஆகவே ஒவ்வோர் அலைக்கும் ஒரு மணற்பரல் சில அங்குலம் பக்கவாட்டில் நகர்ந்துவிடுகின்றது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான அலைகள் வருகின்றன அன்றோ? தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலை தென்கிழக்கிலிருந்து வருவதால் மணல் வடக்கு நோக்கிச் செல்லும். வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் தெற்கு நோக்கித் திரும்பும். ஆனால் முன்னது நீண்ட காலம். பின்னது குறுகிய காலம். கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான கன மீட்டர் மணல் இக்கரை வழியே தெற்கிலிருந்து வடக்கே செல்கின்றது. காணாத ஆறு ஒன்று கரையோரம் ஓடுகின்றது என்று இதனைச் சொல்லலாம்.

இந்த ஆற்றின் குறுக்கே ஓர் அணை கட்டினால் என்ன ஆகும்? துறைமுகத்தின் தெற்குக் கை அணையாகவே நின்றது. வடக்கே செல்லவேண்டிய மணல் அதன் தென்புறத்தில் தடைபட்டுக் குவிந்தது. முதலில் துறைமுகத்தின் வாயில் கிழக்கு நோக்கி இருந்தது. கையைச் சுற்றி வந்த மணல் அவ்வாயிலையே தூர்க்கத் தொடங்கவே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை அடைத்து, வடகிழக்கில் வேறு வாயில் திறந்தனர். துறைமுகம் பிழைத்தது. தென்புறத்து மணலோ மேன்மேலும் பெருகியது. கோட்டைக்கு அண்மையில் அலை வீசிய காலம் மாறியது. கடல் கிழக்கே ஒதுங்கியது. திருவல்லிக்கேணிக் கரையில் 1842-ஆம் ஆண்டு ஐஸ்ஹவுஸ் என்னும் பனிக்கட்டிக் கிடங்கைக் கட்டினர். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைப் படகிலிருந்து இறக்கியவுடன் உள்ளே சேர்ப்பதற்காகவே அதனைக் கடலருகே அமைத்தனர். விவேகானந்தர் இல்லம் என வழங்கும் அக்கட்டடத்தின் வாயிலில் இன்று நின்று பார்த்தால், அலையை அடைய நெடுஞ்சாலையைக் கடந்து, மணலிலே நெடுந்தொலைவு கால் புதைய நடக்க வேண்டியிருக்கின்றது. நாம் போற்றும் மெரினாவின் அகலத்தில் பெரும்பங்கு இவ்வாறு சேர்ந்ததே.

சேர்ந்த மணல் எங்கேயோ செல்லவேண்டிய மணல் என்பதை மறத்தல் கூடாது. ஓரிடத்தில் வரவு மிகுந்தால் மற்றோரிடத்தில் அதற்கு ஈடான செலவு இருக்கும். அந்தச் செலவைக் காண்பதற்கே நாம் துறைமுகத்திற்கு வடக்கே செல்கின்றோம்.

இராயபுரம் புகைவண்டி நிலையத்திலிருந்து நடையைத் தொடங்குதல் நன்று. தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி 1856-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாளன்று இங்கிருந்துதான் ஆற்காட்டை நோக்கிப் புறப்பட்டது. அதற்கு முன் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருப்புப்பாதைகள் தோன்றிவிட்டன. ஆனால் அவற்றின் முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. நம் நாட்டில் எஞ்சி நிற்கும் மிகப் பழைய நிலையம் இராயபுரமே. உயர்ந்த தூண்கள் நிமிர்ந்து நிற்க, ஆரவாரம் இன்றி ஒதுங்கியிருக்கும் அக்கட்டடத்தைப் பார்ப்பவர், ஒரு காலத்தில் சென்னையின் தலைவாயிலாக அஃது இருந்தது என்று எளிதில் நம்பமாட்டார்.

இராயபுரம் என்னும் பெயரைக் கேட்டு, ஏதோ ஓர் அரசன் பெயரால் அமைந்த ஊர் என்று நினைப்பவர் உண்டு. கிறித்தவத் தமிழர் பேதுருவை இராயப்பர் என்று வழங்குவர். பேதுரு மீனவராய் இருந்து இயேசுவின் அடியாரானவர். மசூலாப் படகுகளைச் செலுத்திய படகோட்டிகளிற் பலர் கிறித்தவ நெறியைத் தழுவியவர்; அவர்கள் எழுப்பிய பழைய இராயப்பர் ஆலயம் இன்றும் அங்கு நிலவுகின்றது. கடலை நம்பி வாழ்ந்தோர், கடலில் வலை வீசியவரைத் தம் காவலராய்க் கொண்டது பொருத்தமே. துறைமுகம் அமைந்து கப்பல்கள் கரையை ஒட்டி நின்றதும் அவர்களின் தொழிலுக்குத் தேவை இல்லாது போயிற்று. படகுகள் மறைந்தன, ஆலயமும் ஊர்ப்பெயரும் நின்றன.

அங்கிருந்து கிழக்கே சென்று கடலோரத்தை அடைந்தால் காசிமேடு. 1984-ஆம் ஆண்டு முதல் இங்கு மீன்பிடித் துறைமுகம் இயங்கி வருகின்றது. இதனைக் காண விரும்புவோர் வைகறையிலேயே எழவேண்டும். கடலில் பல நாள் தங்கித் திரும்பும் விசைப்படகுகள் நெருங்கி நிற்க, கூடை கூடையாக மீன் இறங்கும். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, சுறா, நண்டு, இறால் என வகை பிரித்துக் குவிப்பர். ஏலம் கூறுவோர் குரல் ஒருபுறம். பனிக்கட்டி உடைக்கும் ஓசை ஒருபுறம். வாங்கிய மீனைத் தலைச்சுமையாகவும் வண்டியிலும் ஏற்றிக்கொண்டு நகரெங்கும் விரையும் பெண்கள் ஒருபுறம். விலை பேசுவதில் அப்பெண்களை வெல்வார் இல்லை. கடலில் செல்வது ஆடவர் தொழிலாயினும், கரைக்கு வந்த மீனைப் பணமாக்கிக் குடும்பத்தை நடத்துவது பெரிதும் பெண்கள் கையிலேயே இருக்கின்றது.

வெயில் ஏறியதும் இவ்வாரவாரம் தணிந்துவிடும். ஆண்டில் இரண்டு திங்கள் அளவிற்கு இத்துறை முற்றிலும் ஓய்ந்திருப்பதும் உண்டு. மீன்கள் இனம் பெருக்கும் காலமாதலால், ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் செல்லலாகாது என்பது அரசின் ஆணை. அப்போது சென்றால் நூற்றுக்கணக்கான படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு அசைவதைக் காணலாம். வண்ணம் பூசுதலும், பலகை மாற்றுதலும், இயந்திரம் பழுது பார்த்தலும் அந்நாள்களின் வேலை. கட்டுமரத்தை இங்கு இப்போது காண்பது அரிது. மிதக்கும் மரத்துண்டுகளைக் கயிற்றால் கட்டி, கரை சேர்ந்ததும் அவிழ்த்து உலர்த்தும் எளிய கலம் அது. அதன் தமிழ்ப் பெயரை ஆங்கிலமும் ஏற்றுக்கொண்டிருக்கின்றது. 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது எண்ணற்ற கட்டுமரங்கள் அழிந்தன. அவற்றிற்கு ஈடாகப் பைபர் படகுகளே மிகுதியாக வந்தன. பெயர் உலகெங்கும் வழங்க, பொருள் தன் பிறந்த கரையில் மறைந்துவருகின்றது.

காசிமேட்டிற்கு வடக்கேதான் நாம் காணவந்த செலவுக் கணக்கு தொடங்குகின்றது. சாலையின் கிழக்குப் பக்கம் மணற்கரை இருக்கவேண்டிய இடத்தில் கருங்கற்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. யானைக்குட்டி அளவிற்குப் பெரிய கற்களும் உண்டு. அலை அவற்றின்மேல் மோதி நீர்த்துளியைச் சாலைவரை வாரி இறைக்கும். வடக்கே வரவேண்டிய மணலைத் துறைமுகம் தடுத்துவிட்டது. ஆனால் இங்குள்ள மணலை வடக்கே கொண்டுசெல்லும் வேலையை அலை நிறுத்தவில்லை. வரவு நின்று செலவு மட்டும் நடந்தால் எந்த வீடுதான் நிலைக்கும்? ஆண்டுதோறும் கரை அரிக்கப்பட்டது. வலை உலர்த்திய வெளி போயிற்று. படகு ஏற்றிய திடல் போயிற்று. பின்னர் வீடுகளும், தெருக்களும், கோயில்களும் கடலுக்குள் சென்றன. தம் பாட்டன் வாழ்ந்த வீடு இருந்த இடத்தைக் காட்டச் சொன்னால், இங்குள்ள முதியோர் கரையில் காட்டுவதில்லை. அலைகளுக்கு அப்பால் கடலிலே விரல் நீட்டிக் காட்டுவர்.

கற்களைக் கொட்டிச் சுவர் எழுப்புவதால் சாலை காக்கப்பட்டது. ஆனால் மணல் திரும்பவில்லை. மணலின்றேல் படகை எங்கே ஏற்றுவது? எனவே இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வேறொரு முறையைக் கையாண்டு வருகின்றனர். கரையிலிருந்து கடலுக்குள் கற்கைகளை நீட்டி, அவற்றின் இடையே மணல் தங்கச் செய்வர். இவற்றிற் பல நுனியில் வளைந்து தூண்டில் முள்போல் இருத்தலால், இவற்றைத் தூண்டில் வளைவு என்று மக்கள் அழகாக அழைக்கின்றனர். அரசாங்க ஏடுகளும் அப்பெயரையே வழங்குகின்றன. மீனைப் பிடிப்பது போல மணலைப் பிடிக்கும் தூண்டில்! நடந்து செல்பவர் ஒவ்வொரு வளைவிலும் நின்று நோக்கலாம். அதன் தென்புறத்தில் சிறிதளவு மணல் சேர்ந்து, அங்கே நாலைந்து படகுகள் ஏறியிருக்கும், சிறுவர் விளையாடிக்கொண்டிருப்பர். வடபுறத்திலோ அலை கரையைக் கடித்துக்கொண்டிருக்கும். பெரிய துறைமுகம் செய்ததையே சிறிய தூண்டில் வளைவும் செய்கின்றது. ஆகவே ஒன்று அமைத்தால் அதற்கு வடக்கே மற்றொன்று வேண்டியிருக்கின்றது. அதற்கும் வடக்கே உள்ள குப்பத்தார் தமக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்பது இயல்பே. இக்கற்களின்மேல் ஏறி நிற்க ஆசை தோன்றும். பாசி படர்ந்து வழுக்குமாதலால் கீழே நின்று பார்ப்பதே அறிவுடைமை.

இனி, திருவொற்றியூர். பிரளய வெள்ளம் சூழ்ந்து வந்தபோது இறைவன் அதனை ஒத்திப் போகச் செய்த இடமாதலால் இப்பெயர் வந்தது என்று தலபுராணம் கூறும். கடலை விலகச் செய்த ஊர் எனப் பெயர் பெற்ற ஊரையே கடல் அரிப்பது காலத்தின் விளையாட்டுப் போலும். தேவாரம் பாடிய மூவராலும் போற்றப் பெற்ற பழம்பதி இது. இங்குள்ள ஆதிபுரீசுவரர் கருவறை யானை படுத்திருப்பது போன்று பின்புறம் வளைந்த அமைப்பினை உடையது. இராசேந்திர சோழன் காலத்தில் அதனைக் கருங்கல்லால் எடுத்தனர். கோயிற் சுவர்களில் கல்வெட்டுகள் நிறைந்துள்ளன. இலக்கணம் கற்பித்தற்கென்று இங்கு மண்டபம் இருந்ததையும் அவை தெரிவிக்கின்றன. சுந்தரர் சங்கிலியாரை மணந்ததும், பிரியேன் என்று மகிழ மரத்தின்கீழ் உறுதி கூறியதும், அவ்வுறுதியை மீறி ஊரை நீங்கியதும் கண்ணொளி இழந்ததும் பெரியபுராணம் அறிந்தோர் அறிவர்.

கோயிலிலிருந்து கிழக்கே கடலை நோக்கி வந்தால் பட்டினத்தார் அடங்கிய இடத்தைக் காணலாம். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வாணிகம் செய்து பெருஞ்செல்வம் ஈட்டியவர், அனைத்தையும் துறந்து கோவணத்தோடு ஊர் ஊராகச் சுற்றினார். கரும்பின் நுனி எங்கே இனிக்கின்றதோ அங்கே தமக்கு முடிவு என்று அறிந்திருந்தார் என்றும், அஃது இனித்த இடம் ஒற்றியூர்க் கடற்கரையே என்றும் கூறுவர். கப்பல்கள் பல விட்டவர் இறுதியில் கடலைப் பார்த்துக்கொண்டு தனியே இருந்தார். இன்று அச்சிறு கோயிலுக்கு எதிரே லாரிகள் வரிசையாய் நிற்கின்றன. அவற்றின் மேலுள்ள இரும்புப் பெட்டிகளுள் அடங்கிய செல்வம் அவர் விட்ட கப்பல்களில் இருந்ததைவிடப் பன்மடங்கு இருக்கும்.

திருவொற்றியூருக்குத் தொழிற்சாலை முகமும் ஒன்று உண்டு. 1946-ஆம் ஆண்டு இங்கு ஒரு கொட்டகையில் ஊதற்பந்து செய்யத் தொடங்கிய தொழிலே பின்னர் எம்.ஆர்.எப். என்னும் பெரிய டயர் நிறுவனமாக வளர்ந்தது. தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றின் பெயர் விம்கோ நகர் என்று ஊர்ப்பெயராகவே நிலைத்து, 2021-ஆம் ஆண்டு முதல் மெட்ரோ இரயில் நிலையத்தின் பெயராகவும் வழங்குகின்றது. நடக்க இயலாதவர் இதுவரை அவ்வண்டியில் வரலாம்.

விம்கோ நகருக்கு வடக்கே வீடுகள் குறையும், வானம் அகலும். சின்னக்குப்பம், பெரியகுப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் என்று குப்பங்கள் தொடரும். இவ்வூர்ப் பெயர்களைச் செவிகொடுத்துக் கேட்டாலே நிலத்தின் வரலாறு தெரியும். தாழை அடர்ந்திருந்த இடம் தாழங்குப்பம். ஆறு கடலோடு கூடும் வாயில் முகத்துவாரம். அம்முகத்துவாரமே நம் நடையின் எல்லை. 2011-ஆம் ஆண்டு திருவொற்றியூரும் எண்ணூர் அடங்கிய கத்திவாக்கமும் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. ஆகவே சட்டப்படி இதுவும் சென்னையே. காட்சிப்படி மாநகரத்தின் ஆரவாரம் சிறிதும் இல்லாத வேறோர் உலகம்.

பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து வரும் கொசத்தலையாறு இங்கே கடலை அடைகின்றது. அதனைக் குறுக்கே பக்கிங்காம் கால்வாய் சந்திக்கின்றது. இக்கால்வாயின் முதற்பகுதி 1806-ஆம் ஆண்டளவில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்டது. பின்னர்ப் பல பகுதிகளாக நீண்டு, 1876 முதல் 1878 வரை நிலவிய கொடிய பஞ்சத்தின்போது, பசித்த மக்களுக்குக் கூலி கொடுத்து வேலை வாங்கும் முறையில் விரிந்தது. அப்போது ஆளுநராய் இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரைக் கால்வாய் பெற்றது. மண் சுமந்தவர்களின் பெயர் எதிலும் இல்லை. ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளமுள்ள இந்நீர்வழியில் விறகும் உப்பும் ஏற்றிய ஓடங்கள் ஒரு காலத்தில் சென்னைக்கு வந்தன. எண்ணூரோ அந்நாளில் ஆங்கிலேயர் படகு விடவும் இளைப்பாறவும் வந்த இன்பத் துறையாய் விளங்கியது.

ஆறும் கால்வாயும் கடலும் கூடும் இக்கழியின் உயிர் அதன் வாயிலில் இருக்கின்றது. சென்னைக் கரையில் கடலின் ஏற்றவற்றம் பெரிதன்று. மிகுந்த நாளிலும் ஏறத்தாழ ஒரு மீட்டரே. அந்தச் சிறிய ஏற்றமே நாள்தோறும் இருமுறை உப்புநீரை உள்ளே செலுத்தி, இருமுறை வெளியே இழுக்கின்றது. இறாலின் வாழ்க்கை இந்நீரோட்டத்தோடு பின்னிக் கிடக்கின்றது. தாய் இறால் கடலில் முட்டையிடும். பொரித்து வந்த நுண்ணிய குஞ்சுகள் ஏற்றநீரோடு கழிக்குள் புகும். அலை மோதாத ஆழமற்ற நீர், சேற்றில் மலிந்த உணவு, அலையாத்திச் செடிகளின் வேர்கள் தரும் மறைவு ஆகிய இவையெல்லாம் அவற்றிற்குத் தொட்டிலாக அமைகின்றன. வளர்ந்தபின் வற்றநீரோடு மீண்டும் கடலுக்குச் செல்லும். கழி பாழானால் கடலிலும் இறால் குறையும். ஆழ்கடலில் வலை வீசும் காசிமேட்டுப் படகுக்கும், முழங்காலளவு நீரில் நிற்கும் காட்டுக்குப்பத்து மீனவர்க்கும் உறவு இவ்வாறு அமைந்திருக்கின்றது.

வற்றம் வந்து நீர் குறையும் வேளையில் சென்றால், கழியில் இறால் தடவுவோரைக் காணலாம். அவர்கள் பெரும்பாலும் இருளர் குலத்தைச் சேர்ந்தவர். வலையும் இல்லை, படகும் இல்லை. நீரில் குந்தி, இரு கைகளாலும் சேற்றைத் தடவிச் சென்று, விரல்நுனியில் படும் இறாலைப் பற்றுகின்றனர். இரு கையும் வேலையில் இருத்தலால், பிடித்ததை இடுவதற்குரிய ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்கின்றனர். மணிக்கணக்காக இவ்வேலை நடைபெறும். கரையில் நின்று காண்பவர்க்கு அவர்கள் ஏதோ தேடித் தவிப்பது போலத் தோன்றும். அவர்களுக்கோ சேற்றின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் மனப்பாடம்.

இக்கழியைச் சூழ்ந்து கடந்த அரை நூற்றாண்டிற்கு மேலாகப் பெருந்தொழில்கள் எழுந்துள்ளன. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கி 2017-ஆம் ஆண்டு மூடப்பட்டது. கழியின் வடபுறத்தில் வடசென்னை அனல் மின் நிலையம் இயங்குகின்றது. நகரின் விளக்குகள் எரிய, நிலக்கரி இங்கே எரிந்தது, எரிகின்றது. எரிந்த சாம்பலை நீரோடு கலந்து குழாய் வழியே குட்டைகளுக்கு அனுப்புவர். குழாய் வெடிக்கும்போதெல்லாம் சாம்பற் சேறு கழியில் படிந்து, ஆழத்தைக் குறைத்துவிட்டது. இறால் தடவுவோர் விரல் இப்போது பல இடங்களில் சேற்றை அல்ல, சாம்பலையே தடவுகின்றது. 2017-ஆம் ஆண்டு சனவரி 28-ஆம் நாள் கடலில் இரு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெய் எண்ணூர்க் கரையில் தார்போல் ஒதுங்கியது. மீனவரும் இளைஞரும் வாளிகொண்டு அள்ளினர். 2023-ஆம் ஆண்டு திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் கழி முழுதும் பரவியது. படகும் வலையும் கறுத்தன. கூழைக்கடாப் பறவைகள் இறகில் எண்ணெய் படிந்து தவித்தன. அதே திங்கள் 26-ஆம் நாள் இரவு, பெரியகுப்பத்தை அடுத்த கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிய, ஊரார் மூச்சுத் திணறி உறக்கத்திலிருந்து எழுந்து ஓடினர். மின்சாரமும் உரமும் எரியெண்ணெயும் நகருக்கு வேண்டுவனவே. ஆனால் நகரம் முழுமைக்கும் வேண்டிய பொருளின் கழிவை ஒரு கரையே சுமக்க வேண்டும் என்பதற்கு என்ன நியாயம் என்று முகத்துவாரக்குப்பத்தார் கேட்டால், மெரினாவில் காற்று வாங்கும் நம்மிடம் எளிதான விடை இல்லை.

முகத்துவாரத்து மணல்திட்டில் நின்று வடக்கே பார்த்தால், பாரந்தூக்கிகள் வானைத் தொட்டு நிற்பது தெரியும். 2001-ஆம் ஆண்டு செயற்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் அது. காமராசர் பெயரை இப்போது தாங்கியுள்ளது. அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளியில் மற்றொரு துறைமுகம். இவற்றின் கற்கைகளும் கடலுக்குள் நீண்டிருக்கின்றன. தென்புறத்தில் மணல் சேர்கின்றது. ஆற்றுவாய் தூர்ந்து அடைபடுவதால் அவ்வப்போது மணலை வாரி வழி திறக்க வேண்டியிருக்கின்றது. இவற்றின் வடபுறத்தில் பழவேற்காட்டை நோக்கிய கரை அரிபடுகின்றது. இராயபுரத்தில் ஒன்றரை நூற்றாண்டிற்கு முன் தொடங்கிய அதே கணக்கு, அங்கே புதிய ஏட்டில் எழுதப்பட்டு வருகின்றது.

திரும்புவதற்கு எண்ணூர் நிலையத்திலிருந்து சென்னைக் கடற்கரை நிலையத்திற்குப் புறநகர் வண்டிகள் உண்டு. மாலை வண்டியில் மீன்கூடையோடு பெண்கள் ஏறுவர். காலையில் காசிமேட்டிலிருந்து புறப்பட்ட கூடைகளைவிட இவை சிறியவை. உள்ளே இருப்பது பெரும்பாலும் கழி நண்டும் மடவையும். விலை கேட்டால், எவ்வளவு வேண்டும் என்பதற்கு முன்னர், எந்தக் குப்பத்திற்கு வந்தீர்கள் என்றுதான் அவர்கள் கேட்பார்கள்.